"அண்ணாச்சி, ஓட்டல் ருசி வரலையே!"

மாலை ஆறு மணிக்கு மேல் மளிகைக் கடையில் கூட்டம் சேரும் நேரம். சாமான் சீட்டை நீட்டிவிட்டு ஒரு அம்மா கேட்கிறார்: "அண்ணாச்சி, அதே பருப்பு, அதே பொடிதான் போடுறேன். ஓட்டல் சாம்பார் மாதிரி வரலையே, ஏன்?" மதுரையில் முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முன்பெல்லாம், "அது அவங்க கைப்பக்குவம்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொள்வேன். அப்படிச் சிரித்தே எவ்வளவு வியாபாரத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஓட்டல் டிபன் சாம்பாரில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. துவரம்பருப்போடு கொஞ்சம் பாசிப்பருப்பும் ஒரு துண்டு மஞ்சள் பூசணியும் சேர்த்துக் குழைய வேக வைத்து மசித்தால் அந்தக் கெட்டி வந்துவிடும். மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், சிட்டிகை வெந்தயம் இவற்றை அன்றன்றைக்கு வறுத்து அரைத்துச் சேர்க்க வேண்டும். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம், கொஞ்சம் பெருங்காயம். தோசை சிவந்து முறுகலாக வரவேண்டும் என்பவருக்கு, அரிசி ஊறும்போதே ஒரு கை கடலைப்பருப்பும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் போடச் சொல்லலாம். புரோட்டா சால்னா கேட்பவருக்குச் சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, கல்பாசி.

கவனித்தீர்களா? பருப்பு மட்டும் வாங்க வந்தவர் பத்து கிராம், இருபது கிராம் என்று ஆறேழு பொட்டலத்தோடு போகிறார். சில்லறைச் சரக்கில்தான் நமக்கு நாலு காசு நிற்கிறது. ஆனால் ஒன்று, கல்பாசியையும் சோம்பையும் மலிவு என்று மொத்தமாக வாங்கி, மூடாத டின்னில் மாதக் கணக்கில் போட்டு வைத்து விற்றால் வாசனை எப்படி வரும்?

பண்டிகை நெருங்கினால் பேச்சு இனிப்புக்குத் திரும்பும். திருநெல்வேலி அல்வாவை வீட்டில் கிண்ட ஆசைப்பட்டு மைதா கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சம்பா கோதுமையை எடுத்துக் காட்டுவேன். இரவு முழுவதும் ஊற வைத்து, அரைத்து, பாலைப் பிழிந்து வடிகட்டி, பல மணி நேரம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைத்தான் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. கொஞ்சம் சர்க்கரையைத் தனியே கருக்கிச் சேர்த்தால் அந்த நிறம் வரும். கலர்ப் பொடி வேண்டியதில்லை. கை ஓயும் வேலைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் போதும், பொறுமை மட்டும் இரட்டிப்பாக வேண்டும்.

கடலைமிட்டாய் விஷயத்தில் எனக்கு ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, வழக்கமாக வரும் ஒரு அம்மா மூன்று கிலோ நிலக்கடலையும் இரண்டு கிலோ வெல்லமும் வாங்கிப் போனார். மறுநாள் மாலை ஒரு தூக்கு நிறைய மிட்டாயைக் கொண்டு வந்து கல்லாவில் வைத்தார். "தின்னு பாருங்க அண்ணாச்சி" என்றார். ஒரு துண்டை வாயில் போட்டேன். காறல் வாடை. பாகும் இறுகாமல் பிசுபிசுத்தது. கடலை பழைய மூட்டை என்பது எனக்குத் தெரியும். புதுச் சரக்கோடு கலந்து தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெல்லமும் ஈரம் கோத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதன்பின் இரண்டு வருடம் என் கடைப் படி ஏறவில்லை. அவர் சொல்லி அந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீடு நின்றதோ!

அன்றிலிருந்து கடலை மூட்டை வந்தால் முதலில் நான் நாலு பருப்பைத் தின்று பார்க்கிறேன். சுருங்கியது, பூஞ்சை பூத்தது எல்லாம் அப்போதே ஒதுக்கப்படும். வெல்லத்தில் மஞ்சளாக மினுக்கும் ரகத்தைத்தான் வாடிக்கையாளர் கை நீட்டுவார். அந்தப் பளபளப்பு பல சமயம் ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது என்று சொல்லி, கறுத்த வெல்லத்தை நிறுக்கிறேன். பாகைச் சொட்டு விட்டுத் தண்ணீரில் உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும், அதுதான் பதம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.

செய்ய நேரமில்லாதவர் ஜாடியில் இருப்பதைக் கேட்பார். அங்கேயும் நமக்கு ஒரு கண்டம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறு ஊரில் செய்ததற்கு இந்தப் பெயர்களை ஒட்டி விற்றால், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. செய்தவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விற்றவருக்கும்தான். தகுந்த எச்சரிக்கையோடு வாங்கியதையும், சந்தேகப்படக் காரணம் இல்லாததையும் நிரூபித்து, யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தையும் தந்தால்தான் தப்பலாம். ஆகவே சைக்கிளில் வந்து போடுகிறவரிடமும் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் ஜாடியில் வெறும் 'கடலைமிட்டாய்' என்றே எழுதி வையுங்கள். உதிரி இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கும்படி 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவு வந்ததும் நினைவிருக்கட்டும். அல்வா சில நாள் தாங்கும், பால்கோவா அவ்வளவு தாங்காது.

அந்த அம்மா போன தீபாவளிக்கு மறுபடி வந்தார். ஒரு கிலோ கடலை கேட்டார். நான் அள்ளியதிலிருந்து இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகுதான் தராசில் வைக்கச் சொன்னார்.