காரிலிருந்து பைக்குக்கு மின்சாரம் கடன் வாங்கலாமா?

சங்கக் கூட்டங்களில் என்னைக் கண்டால், "சார், வண்டி எப்போது சரியான நேரத்துக்கு வரும்?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அதற்கு விடை தெரியாமலேயே நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் டில்லியில் குளிர் தொடங்கிவிட்டால் வேறொரு கேள்வி வரும். "பைக் பேட்டரி இறங்கிவிட்டது. காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? பைக் எரிந்துவிடாதா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். 1982-இல் டிப்ளமா முடித்துச் சேர்ந்தது முதல் 2020-இல் ஓய்வு பெறும் வரை, பெரும்பாலும் ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பேட்டரி இவற்றோடுதான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் விடை தெரிந்திருப்பது வேறு, அவசரத்தில் அது நினைவுக்கு வருவது வேறு. இதை நான் கற்றது 2025 ஜனவரி கடைசி வாரத்தில், எங்கள் குடியிருப்பின் வாசலில்.

கீழ் வீட்டுக் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியிருந்தார்கள். மறுநாள் இளைய பிள்ளைக்கு ஜே.இ.இ. தேர்வு. காலை எட்டரைக்கு மையத்தின் கதவை மூடிவிடுவார்கள். ஆறரை மணிக்கு, மூடுபனியில், அண்ணன் பைக்கின் பொத்தானை அழுத்துகிறான். 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. அது உதை போட்டுக் கிளப்பும் வசதி இல்லாத புது வண்டி. பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு ஒயரும் வந்தது, இரண்டு முனையும் ஒரே கறுப்பு நிறம். டார்ச் பிடித்தவன் நான்.

"மாமா, இதுதானே பிளஸ்?" என்று அவன் கேட்டான். நானும் "ஆமாம்பா, மாட்டு" என்றேன். படீரென்று ஒரு பொறி, பிறகு கருகல் வாடை. பிளஸும் மைனஸும் மாறிப் போயிருந்தன. உடனே பிடுங்கியதால் யாருக்கும் காயமில்லை. பைக்கின் ஃபியூஸும், பேட்டரிக்கு மின்னேற்றும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரும் போயின. முப்பத்தெட்டு வருஷம் பேட்டரியோடு வாழ்ந்தவன் டார்ச் பிடித்து நின்ற லட்சணம் இது! அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பொதுவான பயத்தைத் தீர்த்துவிடுவோம். "கார் பேட்டரி பெரியது, அதிக மின்சாரத்தைத் தள்ளி பைக்கை எரித்துவிடும்" என்பார்கள். அப்படி அல்ல. மாடியில் ஒரே உயரத்தில் ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றும் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாயைத் திறந்தால் இரண்டிலிருந்தும் ஒரே வேகத்தில்தான் தண்ணீர் விழும். தொட்டியின் உயரம்தான் வோல்ட், கொள்ளளவுதான் ஆம்பியர்-மணி. கார் பேட்டரி சுமார் 35 முதல் 65 ஆம்பியர்-மணி வரை இருக்கும். சிறிய பைக்குகளுடையது 3 முதல் 5 வரை, பெரிய பைக்குகளில் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் இரண்டும் 12 வோல்ட்தான். பைக்கின் ஸ்டார்ட்டர் மோட்டார் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். ஆகவே, முறையாகச் செய்தால் காரிலிருந்து பைக்கைக் கிளப்பலாம், ஆபத்தில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? நான்கு இடங்களில்.

முதலாவது, கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது. கார் நிற்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும். தொட்டிக்குக் கீழே மோட்டாரும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளுவது போன்றது இது. எதிர்முனையில் இருப்பதோ காலியான சிறு பேட்டரி. அதற்குள் தாங்கமுடியாத வேகத்தில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும், வாயு கிளம்பும். ஒரு காருக்கு இன்னொரு காரிலிருந்து கொடுக்கும்போது எஞ்சினை ஓடவிடுவது வழக்கம். அதே வழக்கத்தைப் பைக்குக்குக் கொண்டுவருவதில்தான் பலர் தவறுகிறார்கள். பைக்குக்குக் கார் பேட்டரி மட்டுமே போதும். எஞ்சினை அணைத்தே வைக்கவும்.

இரண்டாவது, பிளஸ் மைனஸ் மாறுவது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, பைக்கின் இட நெருக்கடி. பைக் பேட்டரி சீட்டுக்கு அடியில் அல்லது பக்கமூடிக்குள் ஒடுங்கி இருக்கும். கார் ஒயரின் கிளிப்போ முதலை வாய் அளவு. சிவப்புக் கிளிப் கொஞ்சம் நழுவிப் பக்கத்திலுள்ள இரும்புச் சட்டத்தைத் தொட்டாலும் போதும், ஷார்ட் சர்க்யூட்தான். ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் செருகிக்கொண்டால் இந்த பயம் இல்லை.

நான்காவது, வாயு. மின்னேறும்போது ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவிகிதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது. எண்பதுகளில் ஒரு டிப்போவில் என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அக்காலத்துப் பெட்டிகளின் அடியில் 2 வோல்ட் செல்கள் 56 சேர்ந்து 110 வோல்ட் கொடுக்கும். கலாசி ஒருவர் கண்ணாடி அணியாமல் குனிந்து இணைப்பை இறுக்கினார். ஸ்பேனர் வழுக்கி இரண்டு முனைகளைத் தொட்டது. ஒரு செல் வெடித்து அமிலம் முகத்தில் தெறித்தது. பக்கத்தில் பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பும் ரப்பர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய பூர்வ புண்ணியம். கால்மணி நேரம் விடாமல் முகத்தில் தண்ணீர் விட்டோம், பிறகு ஆஸ்பத்திரி. கண் தப்பியது. அன்றைக்குப் பிறகு என் ஆட்கள் எவரையும் கண்ணாடி இல்லாமல் பேட்டரிப் பெட்டியைத் திறக்க நான் விட்டதில்லை.

இனிச் செய்முறை. தனித்தாளில் எழுதிப் பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாலும் நல்லது.

1. இரண்டும் 12 வோல்ட்தானா என்று பாருங்கள். பழைய யெஸ்டி போன்ற வண்டிகள் 6 வோல்ட். அவற்றுக்குக் காரின் பேட்டரி ஆகாது. லித்தியம் பேட்டரி உள்ள பைக்கானாலும், மின்சாரக் கார் அல்லது ஹைப்ரிட் காரானாலும், கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டுமே செய்யலாம்.

2. பைக் பேட்டரி வீங்கியோ, விரிசல் விட்டோ, கசிந்தோ இருந்தால் தொட வேண்டாம்.

3. கார், பைக் இரண்டின் சாவியையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள்.

4. சிவப்பு ஒயரை முதலில் பைக்கின் பிளஸில், பிறகு காரின் பிளஸில் மாட்டுங்கள். நிறத்தை நம்பாமல், பேட்டரி மேல் பொறித்துள்ள குறியைப் பாருங்கள்.

5. கறுப்பு ஒயரைக் காரின் மைனஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை, பேட்டரியில் அல்ல, பேட்டரிக்குத் தள்ளி, பைக் எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அந்தப் பொறி வாயு இருக்கும் இடத்தில் வரக்கூடாது என்பதே காரணம்.

6. கார் எஞ்சினைக் கிளப்பாமல் பைக்கை மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் பொத்தானை அழுத்த வேண்டாம். கிளம்பாவிட்டால் ஒரு நிமிஷம் பொறுத்து மீண்டும் பாருங்கள். மூன்று தடவையில் ஆகவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

7. கிளம்பியதும், மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். முதலில் எஞ்சினில் மாட்டிய கறுப்பு, கடைசியில் சிவப்பு.

"தள்ளிக் கிளப்பினால் போதாதா?" என்பீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அது ராஜ வைத்தியம். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலை உள்ளே செலுத்துவதே மின்சாரப் பம்புதான். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் மூச்சு வாங்குவது நமக்குத்தான். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்பவே முடியாது.

இவற்றையெல்லாம் விட நல்ல வழி, கடன் வாங்கும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகும்போது, பைக் பேட்டரியின் மைனஸ் ஒயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிஷ வேலை. திரும்பி வந்த அன்றே, மறுநாள் காலைக்குக் காத்திராமல், வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். குளிரில் பேட்டரியின் வலு குறையும். அக்டோபரில் முனகுகிற பேட்டரி ஜனவரியில் கைவிடும்.

அந்தத் தேர்வுப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? கருகல் வாடை அடங்குவதற்குள் அவன் அம்மா வெளியே வந்தார். எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கார்தான் இங்கேயே நிக்குதே, அதிலேயே கொண்டுபோய் விட்டா என்ன?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்தார். பையன் எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டான்.

மேலே சொன்ன ஏழு விதிகளுக்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டிய விதி அதுதான். அவசரம் என்றால் காரில் ஏறிப் போங்கள். பைக் சாயங்காலம் வரை அங்கேயேதான் நிற்கும். வெளிச்சத்தில், நிதானமாக, குறியைப் பார்த்து ஒயரை மாட்டிக்கொள்ளலாம்.