படகுக்கும் தோல் உண்டு!



காசிமேடு, நாகப்பட்டினம், கன்னியாகுமரி என்று எந்த மீனவர் கரைக்குப் போனாலும் ஃபைபர் படகுகள் நிற்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்த பிறகு, நம் கடற்கரைகளில் இவை மிகவும் பெருகின. புதுப் படகு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். வெயிலில் கிடந்த பழைய படகோ வெளுத்துப் போயிருக்கும். தடவினால் சாக்பீஸ் தூள்போலக் கையில் ஒட்டும். ஏன் தெரியுமா?

கண்ணாடி இழைப் படகு

கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுக்கிறார்கள். அந்த இழைகளைப் பாய்போல ஆக்கி, 'ரெசின்' என்னும் பிசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பிசின் இறுகினால் படகு தயார். அமெரிக்காவில் 1940களிலேயே இப்படிப் படகு கட்டினார்கள்.

இழைகளை ஒட்டுவதற்கு முன்பே, அச்சில் வண்ணம் கலந்த ஒரு பிசினைப் பூசிவிடுவார்கள். இதற்கு 'ஜெல்கோட்' என்று பெயர். அச்சிலிருந்து படகை எடுக்கும்போது, முதலில் பூசிய இதுதான் வெளிப்பக்கமாக இருக்கும். கனம் சுமார் அரை மில்லி மீட்டர். படகின் தோல் இதுவே!

பளபளப்பு போவது ஏன்?

சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை நீவி வைத்தால் மின்னும். கசக்கிப் பிரித்தால் மங்கிவிடும். தாள் அதேதான், மேல்பரப்புதான் மேடு பள்ளமாகிவிட்டது. அதனால் ஒளி ஒரே பக்கம் திரும்பாமல் நாலாபுறமும் சிதறுகிறது.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும் காற்றும் சேர்ந்து ஜெல்கோட்டின் மேல்பகுதியைச் சிதைத்துப் பொடியாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டாகின்றன. பளபளப்பும் போய்விடுகிறது.

மீட்பது எப்படி?

1. முதலில் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு உப்பு, மணல் போகக் கழுவ வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும்.

2. அடுத்து 'ரப்பிங் காம்பவுண்ட்'. நுண்ணிய பொடி கலந்த பசை இது. கெட்டுப்போன மேல்பகுதியைத் தேய்த்து எடுத்து, மேடுகளை மட்டமாக்கும்.

3. அதைவிட நைசான பாலிஷ் போட்டால் மினுமினுப்பு வரும்.

4. கடைசியாக மெழுகு. நிழலில் நிறுத்தி, படகின் சூடு ஆறிய பிறகு மெல்லியதாகப் பூசி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும்.

தேய்க்கும்போது பறக்கும் தூசி மூக்கில் போகக்கூடாது. முகக்கவசம் அணிந்து பெரியவர்கள் செய்யும் வேலை இது.

இதற்கான உயர்தர மெழுகு ஒன்று பிரேசில் நாட்டின் கர்னாபா மரத்து ஓலையிலிருந்து கிடைக்கிறது. நம் பனையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம்தான். வறட்சியில் ஓலை காயாமல் இருக்க, மரம் தானே பூசிக்கொள்ளும் காப்பு அது! சில மிட்டாய்களின் பளபளப்புக்கும் இதே மெழுகுதான் காரணம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும்!

நம் தோலில் சிராய்ப்பு ஏற்பட்டால் புதுத்தோல் வளரும். படகுக்கு வளராது. தேய்த்து மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லி மீட்டரில் கொஞ்சம் குறைகிறது. அது முழுவதும் போய்விட்டால், வெயிலும் தண்ணீரும் உள்ளே இருக்கும் இழைகளைத் தாக்கும். படகு பலம் இழக்கும். பிளாஸ்டிக் குடத்தைப்போல இதை உருக்கி வேறு பொருள் செய்யவும் முடியாது. பிழைப்புக்கு இருந்த படகு, கரையில் குப்பையாகிவிடும்.

ஆகவே மங்கிய பிறகு தேய்ப்பதைவிட, மங்காமல் காப்பதே மேல். கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது, ஓய்வாக நிற்கும்போது தார்ப்பாயால் மூடுவது, சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுவது ஆகியவை போதும். மேலே பெயின்ட் அடிப்பதும் ஒரு காப்புதான்.

செய்து பாருங்கள்!

ஓர் அட்டையின் பாதியில் மட்டும் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மெழுகுப் பக்கத்தில் தண்ணீர் முத்துப்போல நிற்கும். மறுபக்கத்தில் அட்டை உறிஞ்சிவிடும்.

படகுக்காரர்களும் இப்படித்தான் சோதிப்பார்கள். படகின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால், அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்!