டான்சிலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி!

காஞ்சிபுரம் என்றதும் பட்டுச் சேலை ஞாபகத்துக்கு வரும். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் ஞாபகத்துக்கு வருவார்கள். ஊரை அடுத்த காரப்பேட்டைக்கு வேறொரு கூட்டம் தினந்தோறும் வருகிறது. அங்குள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தேடி வரும் கூட்டம் அது.

காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1968-ல் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்துகொண்டும் பலனின்றி, 1969 பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோயால் மறைந்தார். அவருக்கு வந்தது உணவுக் குழாயில். அதற்குச் சற்று மேலே, டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தறிக்குழியில் இறங்கிய பிறகு அலுப்புத் தெரியாமலிருக்க, வாயில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. புகையிலை, சீவல், பீடி, மது இவையே நம் நாட்டில் தொண்டைப் புற்றுக்கு முதல் காரணங்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் இவை எதையுமே தொடாதவருக்கும் டான்சிலில் புற்று வருகிறதே, அது எப்படி?

விஞ்ஞானி கண்ட விரோதி

ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு ஸுர் ஹாசன், பெண்களின் கருப்பைவாய்ப் புற்றில் ஒரு வைரஸ் இருப்பதை 1983-ல் கண்டறிந்தார். எச்.பி.வி. 16 என்று அதற்குப் பெயர். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வைரஸ்தான் டான்சிலிலும் குடியேறுகிறது! டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. குழிகளும் மடிப்புகளும் நிறைந்தது. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

அந்தரங்க உறவின் வழியே இது பரவுகிறது. உடனே நோயாளியைச் சந்தேகக் கண்ணால் பார்க்க வேண்டாம். வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒரு முறையேனும் எச்.பி.வி. வைரஸ்களில் ஏதேனும் ஒன்று தொற்றுகிறது. ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். வெகு சிலரிடம் மட்டும் தங்கி, பல வருஷங்கள் கழித்துப் புற்றாகிறது. கணவன் மனைவிக்குள் சண்டை மூட்ட இதில் ஒன்றுமில்லை.

ஜரிகையைச் சுரண்டுவது போல

அசல் ஜரிகையும் போலி ஜரிகையும் ஒன்றுபோலத்தான் மின்னும். சுரண்டி உள்ளே இருக்கும் இழையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். புற்றுக்கும் அப்படித்தான்! கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அதில் 'பி-16' என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். வைரஸ் புகுந்த செல்களில் இந்தப் புரதம் எக்கச்சக்கமாகப் பெருகும். 100-க்கு 70 செல்களாவது நன்றாகச் சாயம் ஏறினால், வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று கொள்கிறார்கள்.

'இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். வைரஸ் இல்லாமலும் பி-16 பெருகுவதுண்டு. 7,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வில், 100-க்கு 9 பேரிடம் சாயம் ஒன்றைச் சொன்னது, வைரஸ் சோதனை வேறொன்றைச் சொன்னது! வைரஸால் வரும் புற்று குறைவாக உள்ள இடங்களில்தான் சாயத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம் அதிகம். புகையிலை ஆட்சி செய்யும் நம் ஊர் அந்த ரகம். ஆகவே வைரஸின் மரபணுவையே தேடும் சோதனையும் சேர்ந்தால்தான் முடிவு திருத்தமாக இருக்கும்.

எதனால் வந்தால் என்ன, புற்று புற்றுதானே என்கிறீர்களா? இல்லை! 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வைரஸ் புற்றுக்காரர்களில் 100-க்கு 82 பேர் உயிரோடிருந்தார்கள். மற்றவர்களில் 57 பேர்தான். வைரஸ் புற்று கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் எளிதில் மசிகிறது. ஆனால் அந்த நோயாளி புகையும் பிடிப்பவராக இருந்தால் இந்த அனுகூலம் குறைந்துவிடுகிறது.

யார் பயப்பட வேண்டும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜுரத்தோடு டான்சில் வீங்குகிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வேறு கிருமிகளின் வேலை. பெரியவர்களுக்கு ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்திருப்பது, விழுங்கும்போது தொல்லை, ஒரு காதில் மட்டும் வலி, கழுத்தில் வலியே இல்லாத கட்டி இவைதான் கவனிக்க வேண்டியவை. மூன்று வாரமாகியும் போகாவிட்டால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். வலிக்கவில்லையே என்று கழுத்துக் கட்டிக்குப் பற்றுப்போட்டுக் காலம் கடத்துவதுதான் வினையாகிறது. கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே காட்டும் சோதனை உண்டு. தொண்டைக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

தடுப்பூசி உண்டு. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த உள்நாட்டு ஊசி 2023-ல் வெளிவந்தது. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கவென்று பேசப்பட்டாலும், அது எதிர்ப்பதும் இந்த 16-ம் எண் வைரஸைத்தான். 9 வயதிலிருந்து போடலாம், பையன்களுக்கும் கூட. கிருமி குடியேறுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். வந்துவிட்ட புற்றை அது கரைக்காது.