ஊட்டிப் பூ தாம்பரத்தில் பூக்குமா?

ஊட்டிக்குப் போனவர்கள் இந்தப் பூவைப் பார்த்திருப்பார்கள்.

சாலை ஓரத்தில் இருக்கும். வேலி ஓரத்தில் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் செடி வளர்ந்து நிற்கும். ஏறக்குறைய ஒரு அடி நீளத்துக்குப் பூக்கள். எல்லாம் தலைகீழாகத் தொங்கும். திருவிழாவில் ஊதும் எக்காளத்தைக் கவிழ்த்துப் பிடித்தது போல் இருக்கும்.

அந்திப் பொழுதில் பூ மணக்கத் தொடங்கும். இரவு ஏற ஏற மணமும் ஏறும்.

இந்தச் செடியின் பெயர் புருக்மான்சியா. ஹாலந்து நாட்டு அறிஞர் புருக்மான்ஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர். நர்சரியில் "ஏஞ்சல்ஸ் டிரம்பெட்" என்று கேட்க வேண்டும். தேவதையின் ஊதுகுழல் என்று பொருள்.

தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் குடும்பம் ஊட்டிக்குப் போகிறது. திரும்பும்போது அம்மா ஒரு கன்று வாங்குகிறாள். ரெயிலில் மடியில் வைத்தே கொண்டு வருகிறாள். மொட்டை மாடியில், தொட்டியில் நடுகிறாள்.

செடி தழைக்கிறது. பூவரச இலையை விடப் பெரிய இலைகள் விரிகின்றன. ஒரு வருஷம் ஓடுகிறது. ஒரு பூ கூட இல்லை.

"வெறும் இலையை வளர்க்கவா இவ்வளவு தண்ணீர்?" என்கிறார் வீட்டுக்காரர்.

பாட்டிக்கு வேறு கவலை. "இது ஊமத்தை மாதிரி இருக்கே அம்மா! பச்சைப் பிள்ளை ஓடி விளையாடுகிற வீட்டிலே இதை ஏன் கொண்டு வந்து வைத்தாய்?" என்கிறாள்.

இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். இரண்டுக்கும் பதில் உண்டு.

அங்கே பனி, இங்கே வெயில்

இந்தச் செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே ஆண்டீஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. மலைக் காற்றிலும் குளிர்ந்த இரவிலும் வளர்ந்த குடும்பம் இது.

ஐரோப்பாவிலும் இதைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அங்கே ஒரு அவசரம் உண்டு. அக்டோபர், நவம்பரில் உறைபனி விழும். பனி பட்டால் இலை கருகிவிடும். அதற்கு முன்பே பூத்தாக வேண்டும். பிறகு தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுவார்கள்.

ஊட்டியிலும் உறைபனி உண்டு. ஊட்டி 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள அரசு தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. பனிக்காலம் வந்தால் பூங்காவில் மென்மையான செடிகளை மூடி வைப்பார்கள். எதைக் கொண்டு தெரியுமா? கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையைக் கொண்டு! குளிருக்கு அதுதான் கம்பளி.

தாம்பரத்தில் கதை தலைகீழ். இங்கே உறைபனி கிடையாது. மார்கழி, தை இரவுகள்தான் கொஞ்சம் குளிரும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் இந்தச் செடி உயிரைப் பிடித்துக் கொண்டு நிற்கும். மொட்டு வைக்காது. வைத்தாலும் உதிர்த்துவிடும்.

ஆகவே கோடையில் பூ இல்லையே என்று வருந்த வேண்டாம். வெயில் தணியும்போது செடி தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி.

கவட்டை விழ வேண்டும்

இந்தச் செடிக்கு ஒரு ரகசியம் உண்டு.

முதலில் அது ஒற்றைத் தண்டாக வளரும். மூன்று அடி, நான்கு அடி, சில சமயம் ஐந்து அடி கூடப் போகும். பிறகு தண்டு இரண்டாகப் பிரியும். சிறுவர்கள் உண்டிவில்லுக்குத் தேடுவார்களே, அதைப் போன்ற கவட்டை விழும்.

கவட்டைக்கு மேலேதான் பூ வரும். கீழே வராது.

இது தெரியாமல்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். "செடி நெட்டையாகப் போகிறதே, நுனியைக் கிள்ளினால் புதராக வளரும்" என்று நினைக்கிறார்கள். கத்தரியை எடுக்கிறார்கள். நறுக்! பூக்க இருந்த செடி மறுபடி முதலிலிருந்து வளர வேண்டும்.

ரோஜாவுக்குக் கத்தரி நண்பன். இந்தச் செடிக்குக் கவட்டை விழும்வரை அதுவே எதிரி.

சீக்கிரம் பூக்க இன்னொரு வழியும் உண்டு. ஏற்கெனவே பூத்த செடியில், கவட்டைக்கு மேலிருந்து ஒரு குச்சியை வெட்டி நடலாம். அந்தக் குச்சிக்குப் பூக்கும் வயது வந்துவிட்டது. அது குட்டையாக இருக்கும்போதே பூக்கும்.

அந்தக் குச்சியை அடையாளம் காண்பது எப்படி? இலையைப் பாருங்கள். கவட்டைக்குக் கீழ் உள்ள இலையில், காம்பின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்கும். மேல் உள்ள இலையில் ஒரு பக்கம் சற்று ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். செடி தன் வயதை இலையில் எழுதி வைத்திருக்கிறது!

தொட்டியும் தண்ணீரும்

இது பெரும் பசிக்காரச் செடி. சின்னத் தொட்டி போதாது. ஒன்றரை அடி அகலம் உள்ள தொட்டி வேண்டும். அடியில் ஓட்டை அவசியம்.

செம்மண், மணல், நன்றாக மட்கிய சாண எரு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பலாம்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மாடியில் கொதித்துவிடும். வேர் வெந்து போகும். மண் தொட்டி நல்லது.

காலை வெயில் வேண்டும். பத்து, பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கம் மிகப் பொருத்தம். கொதிக்கும் மொட்டை மாடித் தளத்தை விட, மரத்தடி எத்தனையோ மேல்.

கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். நடுப்பகலில் இலை துவண்டு தொங்கும். பயந்து போய் மேலும் ஊற்ற வேண்டாம். முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது வெயில் களைப்பு. மாலையில் தானே நிமிரும்.

இலையின் அடியில் செம்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி வரும். வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். அப்படியும் போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை நேரத்தில் தெளியுங்கள்.

மாதக் கணக்கு

ஆடி: காற்றடிக்கும் மாதம். தொட்டி சிறிதாகிவிட்டால் பெரியதற்கு மாற்றுங்கள். குச்சி நடுவதற்கும் ஏற்ற காலம். கட்டை விரல் கனத்தில், ஒரு சாண் நீளம் போதும். நிழலில், ஈர மணலில் ஊன்றி வையுங்கள்.

ஆவணி: தீனி கொடுக்கும் மாதம். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை நிறையத் தண்ணீருடன் சேர்த்து, வாரம் ஒரு முறை ஊற்றலாம்.

புரட்டாசி: புண்ணாக்கைக் குறையுங்கள். அது இலையை வளர்க்கும். இனி வேண்டியது பூ. ஒரு தேக்கரண்டி பொட்டாஷ் உரத்தைத் தண்டில் படாமல், ஓரமாக ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விடுங்கள். மாதம் ஒரு முறை போதும். கத்தரியைத் தொடாதீர்கள்.

வெயில் தணிந்து, இரவு சற்றுக் குளிரத் தொடங்கினால் கவட்டையின் மேல் பச்சை விரல் போல மொட்டு எட்டிப் பார்க்கும்.

மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள். ஒரு நாள் கூட மண்ணைக் காய விடாதீர்கள். இந்த இரண்டு தவறுக்கும் தண்டனை ஒன்றுதான். மொட்டு உதிர்ந்துவிடும்.

முந்துவது பூவா, மழையா?

ஐரோப்பாவில் பனியோடு போட்டி. தாம்பரத்தில் மழையோடு போட்டி!

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதாவது ஐப்பசி. சென்னைப் பக்கத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் பெய்யும்.

அது எப்படிப்பட்ட மழை என்று தாம்பரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையை யார் மறப்பார்கள்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளில் படகு ஓடியது. மறு வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வந்தது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன.

ஆலமரமே சாயும் காற்றில் இந்தப் பெரிய இலைச் செடி எம்மாத்திரம்?

ஆகவே புரட்டாசி முடிவதற்குள், மொட்டு வைக்கும் முன்பே, தொட்டியைச் சுவர் ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு மூங்கில் கழி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம். மொட்டு போனாலும் போகட்டும். தொட்டியை உள்ளே தூக்கி வையுங்கள். செடி பிழைத்தால் பூ மறுபடி வரும்.

ஆம், மறுபடி வரும்! இந்தச் செடி ஒரு முறை பூத்து ஓய்ந்து, மறுபடி பூக்கும். ஐப்பசிக்கு முன் தவறவிட்டவர்கள் மார்கழி, தை வரை காத்திருக்கலாம். மழை ஓய்ந்திருக்கும். இரவும் குளிர்ந்திருக்கும்.

ஊட்டியைப் போல நூறு பூ தொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்து பூ தொங்கினாலும் தாம்பரத்துக்கு அது வெற்றிதான்.

பாட்டி சொன்னது சரி

இப்போது பாட்டியின் கேள்வி.

பாட்டி சொன்னது முழுக்கச் சரி. இது ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடி. ஊமத்தம் பூ மேல் நோக்கி நிற்கும். இது கீழ் நோக்கித் தொங்கும். ஊமத்தங்காயில் முள் உண்டு. இதன் காயில் முள் இல்லை. ஆனால் விஷம் இரண்டிலும் உண்டு!

இலை, பூ, விதை, வேர் எல்லாமே விஷம். தின்றால் வாய் வறண்டு போகும். கண்ணின் கருமணி விரியும். உடம்பு சுடும். நெஞ்சு படபடக்கும். பிதற்றல் வரும். இல்லாதது இருப்பது போல் தோன்றும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தின்ற இலையையோ பூவையோ கையோடு கொண்டு போங்கள். டாக்டருக்கு அது உதவும்.

இலையைக் கிள்ளிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். கருமணி விரிந்து பார்வை மங்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உதிர்ந்த பூவை அன்றே பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆடு மாடு தின்னும் இடத்தில் போடாதீர்கள். கீரைத் தொட்டிக்குப் பக்கத்தில் இந்தத் தொட்டியை வைக்காதீர்கள்.

தவழும் குழந்தை, எதையும் வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். குழந்தை வளரட்டும். பூ காத்திருக்கும்.

விஷமே மருந்து

ஆனாலும் இந்தக் குடும்பத்தை வெறுக்க வேண்டாம்.

கண் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கருமணியை விரித்துப் பார்க்கிறார்கள் அல்லவா? அதற்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்று அட்ரோபின். எந்த விஷம் தெரியாமல் தின்றவரைப் பிதற்ற வைக்கிறதோ, அதுவே டாக்டர் கையில் அளவோடு வந்தால் மருந்து. பூச்சி மருந்தைக் குடித்தவர்களின் உயிரைக் காப்பாற்றவும் அட்ரோபின் ஊசி போடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தச் செடி தன் சொந்த ஊர்க் காட்டில் இன்று இல்லை! புருக்மான்சியாவில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காட்டில் அழிந்துவிட்டதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலில் எழுதியிருக்கிறது. மனிதன் குச்சி வெட்டி நட்டதால்தான், தலைமுறை தலைமுறையாக அது உயிர் வாழ்கிறது.

ஆகவே தாம்பரத்து வீட்டில் அந்த அம்மா செய்ய வேண்டியது இதுதான். பேரக் குழந்தைக்கு எட்டாத இடத்தில், கதவு போட்ட மாடியில், கிழக்குச் சுவர் ஓரம் தொட்டியை வைக்க வேண்டும். கத்தரியைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். மாடிச் சாவி பாட்டியிடம் இருக்கட்டும்.

ஒரு நாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மாடியிலிருந்து மணம் இறங்கி வரும்.

"இவ்வளவு தண்ணீர் எதற்கு?" என்று கேட்டவர்தான் முதல் ஆளாக மாடி ஏறுவார்!