ஆக்ஸிமீட்டரில் 98... ஆனாலும் மூச்சு முட்டியது! `கொரோனா பேட்ச்' மாணவர்கள் வீட்டில் சொல்லாத கதை

2021 மே மாதம். நள்ளிரவு தாண்டியிருக்கும். வேடந்தாங்கலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டியிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். 98. எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் 98.

``நல்லாத்தானே இருக்கு. போய்ப் படு''என்றார் அம்மா.

நான் படுக்கவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்திருந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன ஆனாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் அது. அங்கேயே இப்படியென்றால் என்ற நினைப்பு தொண்டையிலேயே நின்றது. மறுநாள் டெஸ்ட் எடுத்தோம். நெகட்டிவ். ஆனாலும் அடுத்த நாள் இரவு அதே நேரத்துக்கு அதே மூச்சுமுட்டல்.

எனக்கு வந்தது கொரோனா இல்லை, பதற்ற நோய் என்று தெரிந்துகொள்ள நான்கு மாதங்கள் ஆயின.

ஆறே வாரக் கல்லூரி

2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நான் முதலாம் ஆண்டு. ஹாஸ்டலில் தலையணை, வாளி, பாதி நோட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, `பத்து நாள் லீவு' என்று ஊருக்கு வந்தோம். டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களை மட்டும் கூப்பிட்டார்கள். எங்களுக்கு 2021 பிப்ரவரி 8-ம் தேதிதான் கதவு திறந்தது. மார்ச் 23-ல் மறுபடி பூட்டு. பிறகு செப்டம்பர் 1-ம் தேதி. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய பதினேழரை மாதங்களில் நான் வகுப்பறையில் உட்கார்ந்தது ஆறே வாரம்.

மீதி நாளெல்லாம் வீடுதான். அப்பாவுக்குப் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை. நவம்பரிலிருந்து மார்ச் வரை கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்க்க வருகிற கூட்டம்தான் எங்களுக்கு வருமானம். ஊரடங்கு வந்ததும் சரணாலயத்தை மூடினார்கள், கடையும் படுத்துவிட்டது. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். காலையில் எனக்கு ஆன்லைன் வகுப்பு, அதே நேரத்தில் தம்பிக்கும் வகுப்பு. 2021 ஜனவரியில் அரசு தினமும் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால், போன் ஒன்றாக இருந்தால் டேட்டா மட்டும் என்ன செய்யும்?

சிக்னலுக்காக மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குந்தியிருப்பேன். `மேம், ஆடியோ கட்டாகுது' என்று டைப் செய்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும். கொஞ்ச நாளில் அதையும் டைப் செய்வதை விட்டேன். பிறகு குளிப்பதைத் தள்ளிப்போட்டேன். மதியம் வரை தூங்கினேன், இரவெல்லாம் விழித்திருந்தேன். பிடித்த பாட்டுகூடச் சத்தமாகத்தான் கேட்டது. ``காலேஜ் இல்லேன்னதும் இதுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு'' என்றார் சித்தி. இன்னொரு பக்கம், `பொண்ணு வீட்டுலதானே இருக்கு' என்று ஜாதகம் கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்கள். அன்றைக்கெல்லாம் நெஞ்சுப் படபடப்பு பகலிலேயே வந்துவிடும்.

எங்கள் ஊரில் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டோம். சின்ன வயதிலிருந்தே பழக்கம். நாரை கூட்டை விட்டு எழுந்தால் ஏதோ சரியில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள்ளேயே இருந்த என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

`ஆல் பாஸ்' என்ற பெயர்

மாமல்லபுரத்தில் எனக்கு ஒரு பள்ளித் தோழன். அப்பா சிற்பக்கூடத்தில் உளி பிடிப்பவர். சுற்றுலாப் பயணிகள் வராததால் வேலை நின்றது. அவன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். யூனிஃபார்மோடு ஷிஃப்டில் நின்றுகொண்டே, மைக்கை மியூட்டில் போட்டு வகுப்பில் `இருந்தான்'. அவனுக்கு மூன்று அரியர்.

2020 ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்தால் இறுதியாண்டு தவிர மற்றவர்களின் அரியர் தேர்வுகளில் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாணவர்கள் பேனர் வைத்துக் கொண்டாடினார்கள். நாடே மீம்ஸ் போட்டது. பிறகு ஏ.ஐ.சி.டி.இ எதிர்ப்பு, உயர் நீதிமன்ற வழக்கு. இதற்கு நடுவில் அவன் எதையும் கொண்டாடவில்லை. படிக்காமல் பாஸானவன் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசியதில் சுருங்கிப்போனான். `கொரோனா பேட்ச்சா?' என்று இன்டர்வியூவில் கேட்டதற்குப் பிறகு எந்த இன்டர்வியூவுக்கும் அவன் போகவில்லை.

இது எங்கள் இரண்டு பேர் கதை மட்டும் இல்லை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவிகிதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 2019-ல் 10,335 பேர். 2020-ல் 12,526 பேர். கல்லூரிகள் பெரும்பாலும் பூட்டிக்கிடந்த வருடம் அது.

செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் ஒரு பேராசிரியைதான் என் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொல்லித்தான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அம்மாவோடு போனேன். புறநோயாளிச் சீட்டுதான், செலவு பஸ் டிக்கெட் மட்டும். டாக்டர் முதலில் ஆக்ஸிமீட்டர் விஷயத்தைத்தான் புரியவைத்தார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் விரல் மரப்பதும் தலை சுற்றுவதும். ஆக்சிஜன் குறைவதில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். `நடிக்கிறாளோ' என்று ஒருநாள் நினைத்தாராம்.

சில மாதம் மாத்திரை, கூடவே கவுன்சலிங். மெதுவாகத்தான் சரியானது, நடுவில் இரண்டு தடவை திரும்பியும் வந்தது.

வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் மாறி, பிடித்த விஷயத்திலும் ஆர்வம் போயிருந்தால் அதற்கு `சோம்பேறி' என்று பெயர் வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் வந்த சேவை அது. எங்களுக்கு அந்த எண் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகத் தோழனுக்கு போன் செய்தேன். அதே கம்பெனி, இப்போது நைட் ஷிஃப்ட். தூக்கம் வருவதில்லையாம். ``அதெல்லாம் பழகிடுச்சு, விடு'' என்றான். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, ``நீ போனியே அந்த ஓ.பி, எத்தனை மணிக்குச் சீட்டு போடுவாங்க?'' என்று கேட்டான்.

திங்கள்கிழமை அவனுக்கு ஆஃப். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏழரைக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன்.