மலையில் புகை தெரிந்தால்...

பட்டிமன்றம் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பொங்கல் வந்தால் டி.வி.யில் பட்டிமன்றம், கோயில் திருவிழா வந்தால் மேடையில் பட்டிமன்றம். ‘பட்டிமண்டபம்’ என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் நண்பர்களே, கைதட்டல் வாங்கிய பேச்செல்லாம் சரியான பேச்சாகி விடுமா?

இதைச் சோதிக்க ஒரு அளவுகோல் அதே மணிமேகலையில் இருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நம்ம தெர்மோடைனமிக்ஸை விட எளிதுதான். நம் மலைக்கோட்டையை வைத்தே சொல்கிறேன். ‘மலையில் நெருப்பு இருக்கிறது’, இது பக்கம், அதாவது நாம் நிரூபிக்க வந்த விஷயம். ‘ஏனென்றால் புகை தெரிகிறது’, இது ஏது, காரணம். ‘அடுப்படியில் பார்த்திருக்கிறோமே, அதுபோல’, இது திட்டாந்தம். ‘இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது’ என்பது உபநயம். ‘ஆகவே நெருப்பு உண்டு’ என்பது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகளே சொல்லிவிடுகிறார். ஆக மூன்றை ஞாபகம் வைத்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் ‘போலி’கள்தான். காரணம் மாதிரியே இருக்கும், காரணமாக இருக்காது. ஆவியா பனியா என்ற சந்தேகமே தீராமல், புகைதான் என்று முடிவு கட்டி நெருப்பு உண்டு என்பது ஒரு போலி. மார்கழி மாதம் காவிரிப் பாலத்தில் விடியற்காலை நின்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும்! காரணம் உண்மையாக இருந்தும் முடிவோடு ஒட்டாமல் போவது இன்னொரு வகை. லேபில் பல்பு எரியவில்லை, ‘ஃபியூஸ் போச்சு சார்’ என்கிறோம். பல்பு எரியாதது உண்மைதான். ஆனால் பல்பே போயிருக்கலாம், ஸ்விட்ச் போயிருக்கலாம். திருப்பிப் போட்டாலும் அதே வம்புதான். புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. நெருப்பு இருந்தால் புகை இருக்குமா? ஸ்மித்தி ஷாப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாருங்கள், புகையே இருக்காது.

அடுத்தது உவமை. இதில் நம் ஆட்கள் சூரர்கள். காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் வடகலை, தென்கலை என்ற இரு பிரிவு வைணவர்களையும் பார்க்கலாம். இறைவன் அருள் கிடைக்க மனிதன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்ற கேள்விக்குக் குரங்குக்குட்டியைக் காட்டுவது வடகலை. குட்டிதான் தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைக் காட்டுவது தென்கலை. தாயே வாயில் கவ்வித் தூக்கிப் போகும், குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு உவமையும் அழகு! எதைக் கேட்டாலும் அந்த நிமிடம் தலையாட்டத் தோன்றும். எதிரெதிர்க் கருத்துக்கும் அருமையான உவமை கிடைக்கிறது என்றால் என்ன அர்த்தம்? உவமை விளக்குமே தவிர நிரூபிக்காது. அது ஆசாரியர்களுக்கும் தெரியும். அதனால்தான் உவமையோடு நிற்காமல் சாஸ்திரம் காட்டி, காரணம் காட்டி வாதம் செய்தார்கள். மேடைப் பேச்சாளர் சிலர் உவமையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? நம்ம ஊர்க் கதை ஒன்று கேளுங்கள். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மீது 2023ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அதிக லாபம் தருவதாகச் சொல்லி, தங்க முதலீட்டுத் திட்டம் என்று மக்களிடம் 100 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது அமலாக்கத் துறை சொன்ன குற்றச்சாட்டு. விளம்பரத்தில் ஒரு பிரபல நடிகர் இருந்தார். இப்போது அடிகளின் அளவுகோலை வையுங்கள். ‘பணம் பெருகும்’ என்பது பக்கம். ‘நடிகர் சொல்கிறார்’ என்பது ஏது. நடிகர் முகத்துக்கும் வட்டிக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் வீட்டுக்கும் வேறொரு திட்டத்தோடு தூரத்துச் சொந்தம் ஒருவர் வந்தார். நான்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன். என் ஃபீஸுக்கென்று அம்மா சேர்த்த பணம் இருப்பது அவருக்குத் தெரியும். “தங்கச்சி, தெருவே சேர்ந்தாச்சு. இந்த வாரத்தோட குளோஸ் பண்றாங்க. புள்ள படிப்புக்குத்தான் சொல்றேன்” என்றார். கவனியுங்கள்: ஊரோடு ஒத்துப்போகும் குணம், அவசரம், பிள்ளைப் பாசம், மூன்றையும் தொட்டுவிட்டார். ஏது மட்டும் இல்லை! பள்ளிக்கூடமே போகாத அம்மா கேட்டது ஒன்றுதான்: “அதெல்லாம் சரிண்ணே, மாசாமாசம் குடுக்கறாங்களே, அந்தக் காசு அவங்களுக்கு எங்கேர்ந்து வருது?” அவர் மறுபடியும் தெருவில் யார் யார் சேர்ந்தார்கள் என்று பட்டியல் சொன்னார். அம்மா காபி போட உள்ளே போய்விட்டார்.

முன்பு சேர்ந்தவருக்குத் தரும் பணம் பின்பு சேருகிறவரின் பணமாக இருந்தால், புது ஆள் வருவது நின்ற மாதமே எல்லாம் நின்றுவிடும். அதுவரை முதலில் சேர்ந்தவர்களுக்கு ஒழுங்காகப் பணம் வரும், அவர்களும் உண்மையாகவே மனதாரச் சிபாரிசு செய்வார்கள். ‘அவருக்கு வந்துச்சே’ என்ற திட்டாந்தம் இப்படித்தான் போலியாகிறது. இதற்காகவே தமிழ்நாட்டில் 1997ல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்தது. டெபாசிட் வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று பார்க்கவும், புகார் தரவும் ரிசர்வ் வங்கி 2016ல் ‘சசேத்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. யாராவது திட்டத்தோடு வீட்டுக்கு வந்தால், அவர் காபி குடித்து முடிப்பதற்குள் செல்போனிலேயே பார்த்துவிடலாம்.