பழிகோடலும் அதன் விலையும்

பழிக்குப் பழி என்னும் பொருள் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்த வரலாற்றை அறியாதார் இலர். ஆயின் அவ்வெரியோடு கணக்கு முடியவில்லை என்பதைப் பலர் கருதுவதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் அவள்பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. பொய்யுரைத்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அதன்பின் மழை பெய்து நாடு வளம் பெற்றது என்றும் உரைபெறு கட்டுரை மொழிகின்றது. மாண்டோர் பக்கத்துச் சொல் ஒன்றேனும் அங்கு இல்லை.

பழியின் விலையை எண்ணுவோர் யாவர் என்னும் இவ்வினாவை, இக்காலத்து நூல் ஒன்றிலும் அதன்வழித் தோன்றிய திரைப்படம் ஒன்றிலும் வைத்து ஈண்டு ஆராய்வாம். நூல், பூமணி 1982-இல் வெளியிட்ட 'வெக்கை'. படம், வெற்றிமாறன் இயக்கி 2019-இல் வெளிவந்த 'அசுரன்'. சங்கரன்கோயிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி நோக்கிச் செல்வார்க்கு அந்நூலின் கரிசல் நிலத்தை எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை.

'வெக்கை'யில் கொலை தொடக்கத்திலேயே நிகழ்ந்து முடிகின்றது. தமையனைக் கொல்வித்த வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட எண்ணிய சிறுவன் சிதம்பரம், அவன் உயிரையே போக்கிவிடுகின்றான். எஞ்சிய பக்கங்கள் யாவும் அதன் விளைவே. தந்தையும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துண்டு, ஒலி கேட்குந்தோறும் அஞ்சுகின்றனர், குடும்பம் சிதறுகின்றது. வெற்றிக் களிப்புக்கு அந்நூலில் இடமே இல்லை. நூலின் பெருமை இதுவே என்பது எம் கருத்து.

படத்தின் நெறி வேறு. அது தந்தை சிவசாமிக்கு ஒரு முன்கதை சேர்க்கின்றது. குடிசைகள் கொளுத்தப்படும் அக்காட்சி, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்டதை நினைவூட்டுவது. அவ்வழக்கில் நிலவுடையாரை உயர்நீதிமன்றம் விடுவித்தமையும், அவருள் முதன்மையானவர் 1980-இல் கொல்லப்பட்டமையும் மெய்ந்நிகழ்ச்சிகள். நீதிமன்றம் தாராததை அரிவாளில் தேடியோரை, பாதுகாப்பான இடத்திலிருந்து கடிந்துரைத்தல் எளிது. படம் அவ்வெளிமையை நாடவில்லை. சிவசாமியின் அச்சத்தைக் கோழைமை என மகன் இகழ, அவ்வச்சம் முன்னொருகால் சிந்திய குருதியின் பயன் என்று காட்டுகின்றது. இஃது அரிய பகுதி.

எனினும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. மகனைக் காக்கச் சிவசாமி ஆயுதம் ஏந்தும்போது இசையும் ஒளியும் அவனை வீரனாக உயர்த்துகின்றன, அரங்கம் ஆர்ப்பரிக்கின்றது. வெட்சியும் வாகையும் பாடிப் பழகிய நம் செவிக்கு இது வியப்பன்று. (1992-இல் வந்த 'தேவர் மக'னிலும் இதே முரண் உண்டு: கொலையின் வெறுமையை உணர்ந்தவன் கையாலேயே இறுதிக் கொலை நிகழ்கின்றது.) விலையைச் சொல்ல வந்த படம், அவ்விலைக்குரிய இன்பத்தையும் உடன் விற்கின்றது.

முடிவில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகின்றது. படத்தில் சிவசாமி குற்றத்தைத் தானே ஏற்று நீதிமன்றம் புகுகின்றான். மகனுக்குக் கல்வியே காப்பு என அறிவுறுத்துகின்றான். அறிவுரை உயர்ந்ததே. ஆனால் வடக்கூரானை வெட்டிய கை சிதம்பரத்தினுடையது. கடன் மட்டும் தந்தையின் பெயரில் எழுதப்படுகின்றது. பூமணியின் சிறுவனோ தந்தையோடு தானும் சரணடைய நடக்கின்றான்.